லைசன் உம்மாவுக்கு, மணி எனக்கு

காத்தான்குடி
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

அன்பு மகள் ஸுஹைனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நானும் உம்மாவும் சுகம். உன் சுகமும் மருமகன் ஷிஹானின் சுகமும் என் பேரன் இஷாமின் சுகமும் அறிய ஆசை. சம்பந்தியாரும் அங்கேயே தங்கியிருப்பதால் அவரையும் சுகம் கேட்டதாகச் சொல்லு. மிகவும் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

போன் இருக்கும்போது வாப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் என் முறை வருவதே இல்லை, மகள். உம்மா பேசி முடிப்பதற்குள் உனக்கு வேலை வந்துவிடும். எனக்குக் கிடைப்பது உன் நெற்றியும் உம்மாவின் முழங்கையும்தான். இன்னொன்று, ஒரு கடுதாசியில் உன் கையெழுத்து வேண்டும். என் கூட்டாளி பாறூக் தன் மகளைப் பார்க்கக் கட்டார் வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒரு சின்னப் பொதியும் தந்திருக்கிறேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கடுதாசி இதுதான்: அடிபட்ட காட்டு உயிர்களை உன் வீட்டு வளவில் வைத்துப் பராமரிக்க, வீட்டுக்காரியான உனக்குச் சம்மதம். உன் கலியாணத்தோடு வீட்டை உன் பேரில் எழுதிவிட்டு நாங்கள் பின்னால் உள்ள அறைக்கு வந்த கதையை லைசன் கொடுக்கிற காரியாலயத்தில் சொன்னேன். அங்கிருந்த பெரியவர் வேறு பக்கத்து ஆள். நம் வழமை தெரியாமல், அப்படியானால் மகளின் வீட்டில் வாடகைக்கா இருக்கிறீர்கள் என்று கேட்டார். இல்லை ஐயா, காவலுக்கு என்றேன்.

லைசன் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். உம்மா சொன்னது அவளுடைய பாதி. என் பாதியைக் கேள்.

ஆற்றங்கரையில் ஒரு கொக்குக்குக் கால் முறிந்தாலும், நாரைக்கு வலை சிக்கினாலும், ஆட்கள் என் சைக்கிள் கடைக்குத்தான் கொண்டு வருவார்கள். குறடு இருக்கிறது, கத்தரி இருக்கிறது, வாயும் இருக்கிறது. கொக்கு டொக்டர் என்று எனக்குப் பட்டம் வேறு. இப்போது சட்டம் வந்துவிட்டது. நினைத்தவன் எல்லாம் காட்டு உயிரை வீட்டில் வைத்திருக்க முடியாது. வகுப்புக்குப் போக வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், வளவை வந்து பார்ப்பார்கள், பிறகுதான் லைசன் என்கிற அனுமதிப் பத்திரம். எனக்குத் தராமல் வேறு யாருக்குத் தரப்போகிறார்கள் என்ற நினைப்பில், சோற்றுப் பார்சலைத் தூக்க உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வகுப்பு எடுத்தவர் மிருக வைத்தியர் கஜானி. நம் வட்டாரத்துப் பிள்ளை, நல்ல மரியாதை. செய்யக்கூடாதவை என்று சுவரில் ஒரு படத்தைப் பெரிதாகக் காட்டினா. ஒரு மனிதன் நாரையை மடியில் வைத்து நெய்ச்சோறு ஊட்டுகிறான். எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று நானும் எட்டிப் பார்த்தேன். நான்தான். நீ முன்னொரு காலம் பேஸ்புக்கில் போட்ட படம். பின் வரிசையில் இருந்த ஒருவன், “உசனார் காக்கா, படத்தில நல்லா இரிக்கீங்க” என்றான்.

பிறகு கேள்வி நேரம். காயப்பட்ட பறவை வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். பயம் தெளிய ரெண்டு வார்த்தை பேசி ஒரு பேர் வைப்பேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை மூடிவிட்டார். பார்சலோடு ஓரமாக இருந்த உம்மா எனக்கு மட்டும் கேட்கும் என்று நினைத்து முணுமுணுத்தாள்: “துணியப் போட்டுக் கண்ண மூடி, இருட்டில வெச்சிட்டு, வாயப் பொத்திக்கிட்டு இரிக்கணும்.” கஜானி அதைக் கேட்டு, அம்மா நீங்களும் விண்ணப்பம் போடுங்கள் என்றா. போட்டாள். கிடைத்தது. என்னை உதவியாளர் என்று எழுதினார்கள். உதவியாளர் உயிரைத் தொடக்கூடாது, அதோடு பேசக்கூடாது. அப்படியானால் என்ன உதவி என்று கேட்டேன். மீன் வாங்கலாமாம்.

உம்மாவின் பேரில் தனியாக வந்த பத்திரம் இதுதான் முதல். லமினேட் பண்ணி, என் கலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியிலேயே மாட்டியிருக்கிறாள். தேத்தண்ணிக் கடையில் இப்போது என்னைக் கண்டால், “காக்கா, மேடம் வீட்டில இரிக்காவா?” என்றுதான் கேட்கிறார்கள். சிரித்துச் சமாளிக்கிறேன். உள்ளுக்குள் நெருப்பு.

இப்படி இருக்கும்போதுதான் ஆரையம்பதித் தங்கராசா தோணியில் ஒரு கூழைக்கடாவைக் கொண்டு வந்தார். தங்கூசி நைலோன் வலை சிறகில் இறுகிச் சதையை அறுத்திருந்தது. கஜானி வந்து மருந்து கட்டினா. உன் வளவின் வாவிப் பக்கத்து மூலையில் தென்னோலைக் கிடுகால் உயரமாக அடைத்து, உள்ளே தண்ணீர்த் தொட்டி வைத்தோம். சட்டம் என்னவென்றால், அந்தப் பறவை மனிதரோடு பழகவே கூடாது. உம்மா முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு போவாள். வேலிக்கு வெளியே நின்று குழாய் வழியாக மீனை விடுவாள். ஒரு சொல் பேச மாட்டாள்.

மகள், சுபஹிலிருந்து இஷா வரை என்னிடம் ஓயாமல் பேசுகிற உன் உம்மாவுக்கு இவ்வளவு மௌனம் இருக்கிறதென்று எனக்கு இதுவரை தெரியாது. அவ்வளவையும் ஒரு கூழைக்கடாவுக்காகச் சேர்த்து வைத்திருந்திருக்கிறாள். மீனிலும் ஓரவஞ்சனைதான். முழு மணலை அதற்கு. தலை போட்ட ஆணம் எனக்கு. இந்த வயதில் ஒரு பறவை மேல் பொறாமைப்படுகிறோமே என்று வெட்கப்பட்டேன். வெட்கப்பட்டும் பொறாமை குறையவில்லை.

எனக்கென்று ஒரு சந்தோசம் இருந்தது. கடையால் வரும்போது தெரு முடக்கில் சைக்கிள் மணியை அடிப்பது என் பழக்கம், உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீயும் அந்தச் சத்தத்துக்குத்தான் கேற்றுக்கு ஓடி வருவாய். ஒரு நாள் கிடுகின் ஓட்டையால் பார்த்தேன். மணி கேட்டதும் கூழைக்கடா கழுத்தை நிமிர்த்தி என் பக்கம் திரும்பியது. பேசவுமில்லை, தொடவுமில்லை, என்னைத் தெரிந்திருக்கிறது! அதற்குப் பிறகு தேவை இல்லாமலும் அடித்தேன்.

உம்மா பிடித்துவிட்டாள். “மனிசரப் பழகினா இது தோணிக்குப் பொறத்தால போகும். திரும்பவும் வலையிலதான் கிடக்கும். ஒங்களுக்கு ஒரு பெருமைக்கு அது சாகணுமா?” என்றாள். பறவை மனிதருக்குப் பயப்படாவிட்டால் பறக்க விடமாட்டார்கள், தூரத்து நிலையத்தில் காலம் முழுக்கக் கூட்டில்தான் இருக்கும், லைசனும் புதுப்பிக்கப்படாது என்று அழுதாள். அன்றிலிருந்து முடக்கில் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன், களவெடுத்தவன் போல.

சிறகு ஆறிய பிறகு, போன கிழமை சோதனை. கஜானியும் இன்னொரு ஐயாவும் வந்தார்கள். தங்கராசாவும் வந்திருந்தார். வாவிப் பக்கத்து வேலியைத் திறந்துவிட்டு, ஆட்கள் எல்லோரும் இந்தப் பக்கம் நிற்க வேண்டும். பறவை எங்களை விட்டு விலகித் தண்ணீருக்குப் போனால் வெற்றி. எங்களிடம் வந்தால் தோல்வி. உம்மா என்னைக் கடைக்குப் போகச் சொன்னாள். நான் போகவில்லை. முருங்கைக்குப் பின்னால் சைக்கிளோடு நின்றேன்.

வேலி திறந்தது. கூழைக்கடா அசையாமல் நின்றது. என் பெருவிரல் மணியின் மேல் இருந்தது. உம்மா என்னைக் கண்டுவிட்டாள். முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. நீ பிளேன் ஏறிய அன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாளே, அந்தக் கண். நான் விரலை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது சைக்கிள் சரிந்து மணி தானாக அடித்தது. தானாகத்தான் அடித்தது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உம்மா நம்பவில்லை. நீயாவது நம்பு.

பறவை கழுத்தைத் திருப்பி முருங்கைப் பக்கம் நன்றாகப் பார்த்தது. தங்கராசா, “முடிஞ்சிது அலுவல்” என்றார். பிறகு அது எனக்கு முதுகைக் காட்டி நடந்து, தண்ணீரில் இறங்கி, சிறகை அடித்து எழும்பி, பெரியகல்லாற்றுப் பக்கமாகப் போயே விட்டது.

கஜானி கை தட்டினா. ஐயா உம்மாவைப் பாராட்டினார். உம்மா துணிக்குள் அழுதாள். ஊரே சந்தோசப்பட்ட இடத்தில் நான் ஒருவன் மட்டும் வயிறெரிந்து நின்றேன். போகத்தான் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஒரு தரம் தயங்கிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

அன்று முழுக்க உம்மா என்னோடு ஒரு சொல் பேசவில்லை. அந்த மௌனத்துக்குத்தானே பொறாமைப்பட்டேன், எனக்கும் கிடைத்தது. மறுநாள் மத்தியானம் முழு மணலை ஒன்றைப் பொரித்து என் முன்னால் வைத்தாள். “மணி கேட்டுத்தான் திரும்பினது. கேட்டுட்டும் போச்சே, அது போதும் எனக்கு” என்றாள். ரெண்டு பேரும் சாப்பிட்டோம். லைசனைப் புதுப்பிக்க உன் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. யோசிக்காமல் கையெழுத்துப் போட்டு பாறூக்கிடமே கொடுத்துவிடு. அந்த ஆணியில் இருக்கிற பத்திரம் கழன்றால் உம்மாவைப் பார்க்க என்னால் ஏலாது.

இனிப் பொதி. கடைசியாகப் போனில் பேசும்போது இஷாமை, மூத்தாப்பாவிடம் வா என்று கூப்பிட்டேன். பிள்ளை போனைத் தாண்டி ஓடி, பின்னால் கதிரையில் இருந்த சம்பந்தியாரின் மடியில் ஏறியது. அவருக்கும் அவன் பேரன்தான். நல்ல மனிதர். கிட்ட இருக்கிறார். நான் சிரித்தேன், நீயும் பார்த்திருப்பாய்.

பொதியில் இருப்பது என் சைக்கிள் மணி. எண்ணெய் விட்டுத் துடைத்திருக்கிறேன். இஷாமின் சின்னச் சைக்கிளில் பூட்டிவிடு. பறவைக்குத்தான் பழகக்கூடாது என்று சட்டம். பேரப்பிள்ளைக்கு அப்படி ஒன்றும் கஜானி சொல்லவில்லை. இது உன் மூத்தாப்பாவின் சத்தம் என்று அடிக்கடி அடித்துக் காட்டு. லீவு கிடைத்து நீங்கள் வருகிற அன்று நான் முடக்கில் நின்று வேறொரு மணியை அடிப்பேன். அவன் திரும்பிப் பார்த்தால் போதும்.

அதுவரைக்கும் வீட்டைக் கூட்டித் துடைத்துத்தான் வைத்திருக்கிறோம். காவலில் குறை இல்லை.

அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளைத் தந்து, இந்தப் பக்கம் திரும்பி வருகிற வழியையும் லேசாக்கித் தருவானாக. சம்பந்தியாருக்கும் சேர்த்துத்தான் துஆச் செய்கிறேன்.

இப்படிக்கு,
மணி இல்லாத சைக்கிளோடு,
உன் வாப்பா உசனார்
(உதவியாளர்)