அறுபத்தெட்டு டிகிரி

டுலூத்,
ஜனவரி 17

அன்புத் தம்பி லைலுக்கு,

ஞாயிறன்று போனில் நீ கேட்டாய்: "ஏன்க்கா, முப்பது வருஷம் பௌதிகம் நடத்தினியே, ரெண்டு கார் நிக்கிற கராஜுக்கு மணிக்கு நாப்பத்தஞ்சாயிரம் பி.டி.யு. சூடு குடுக்கிற ஹீட்டர் போதுமா, அறுபதாயிரம் வேணுமா?" யோசித்து எழுதுகிறேன் என்றேன். மூன்று நாளாக யோசிக்கிறேன், கணக்கைப் பற்றி மட்டும் அல்ல.

கணக்கு சுலபம். இடம் எவ்வளவு, வெளியே எவ்வளவு குளிர், உள்ளே எவ்வளவு சூடு வேண்டும், அந்தச் சூடு எங்கே ஒழுகுகிறது, இவ்வளவுதான். உன் கராஜ் சுவரில் குளிர் தடுக்கும் பஞ்சு அடைக்கவில்லை. பெரிய கதவின் அடியில் பனி உள்ளே வருகிறது என்று நீயே சிரித்தாய். பொத்தான் போடாமல் இரண்டு கோட்டு மாட்டுவதைவிட, ஒரே கோட்டைப் பொத்தான் போட்டு மாட்டலாம். சுவரையும் கூரையையும் அடைத்து, கதவடியில் ரப்பர் பட்டை வைத்தால் முப்பதாயிரம் பி.டி.யு.வே போதும்.

ஆனால் நீ கேட்டது அறுபத்தெட்டு டிகிரி பாரன்ஹீட், நாள் முழுக்க. லைல், காருக்கு அது தேவையில்லை. கோட்டோடு நின்று ஸ்பானர் பிடிக்கிறவனுக்கு ஐம்பது போதும். அறுபத்தெட்டு என்பது கட்டில் போட்டுப் படுக்கிறவன் கேட்கும் சூடு.

அதனால்தான் நேற்று உன் மனைவியைக் கூப்பிட்டேன். வெர்னாவுக்கு மறைக்கத் தெரியாது. "புது வருஷத்துலேர்ந்து அவருக்கு அங்கதான் குடித்தனம், அக்கா. சாப்பாட்டை வெச்சுட்டுக் கதவைத் தட்டுவேன். தட்டு காலியா வருது, ஆளு வரல" என்றாள். அவள் அப்பா செய்த படகை அவளைக் கேட்காமல் நீ விற்றதில் வந்த சண்டையாம். விற்றது தப்புதான். நம் அப்பாவும் இப்படித்தான். மன்னிப்புக் கேட்க வேண்டிய நாளெல்லாம் அவருக்குக் கொட்டகையில் வேலை இருக்கும்.

ஏரிப் பனிமேல் மீன்பிடிக்கும்போது வைக்கிற காஸ் ஹீட்டரைத்தான் கராஜில் எரிக்கிறாய் என்றும் சொன்னாள். காலையில் தலை கனக்கிறதாம். "வயசாச்சு, வேறென்ன" என்றாயாம். வயசு இல்லை, தம்பி. அதற்குப் புகைபோக்கி கிடையாது. அது கக்கும் விஷ வாயுவுக்கு வாசனையும் கிடையாது. உடனே போய் அணை என்று வெர்னாவிடம் சொன்னேன். போனைக்கூட வைக்காமல் ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"சிலிண்டரைக் கழட்டிப் பனியில போட்டுட்டேன். கத்தினாரு. ரெண்டு வாரம் கழிச்சு இப்பத்தான் அவரு குரலைக் கேக்கறேன், அக்கா" என்றாள்.

கோபம் இருந்தால் என்மேல் வை. சொன்னவள் நான். நீ பெரிய ஹீட்டராக வாங்கி, பனி உருகும்வரை அங்கேயே இருந்துவிடுவாயோ என்பதுதான் என் பயம்.

எதை வாங்குவதானாலும் முதலில் அளக்க வேண்டும். இருபத்துநாலு அடிச் சுவரை ஒற்றை ஆளாக அளந்தால் நாடா தொய்ந்து அளவு தப்பும். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போ. நாடாவின் மறுமுனையைப் பிடிக்க வெர்னாவைக் கூப்பிடு.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா ஆர்டிஸ்