அம்மா சொன்ன இரண்டு விடைகள்

அனுப்புநர்:
வே. எழில்மதி,
த/பெ வேடியப்பன்,
வெள்ளிமலை, கல்வராயன்மலை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: பிறப்பிடச் சான்று மறுக்கப்பட்டது – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பெங்களூருவில் ஆராய்ச்சி மாணவி. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் ஒரேயோர் அயனியை, அதாவது எலக்ட்ரான் ஒன்றை இழந்த ஒற்றை அணுவை, மின்புலத்தால் அந்தரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறோம். லேசர் பட்டால் திரையில் நீலப் புள்ளியாகத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால், பனிமூட்டத்தில் மலைப்பாதையில் நடப்பதுபோல் கால் தரையில் பாவாது. படத்தைப் பார்த்த என் தாயார் சாலம்மாள், "தனியா இன்னாத்துக்கு நிக்குது, பாவம்?" என்றார்.

2. அந்த அயனியிடம் கேள்விகளை, அதாவது லேசரால் செய்யும் அளவீடுகளை, சேர்த்துச் சேர்த்துக் கேட்பதே என் வேலை. விடைகள் எல்லாம் அதற்குள் முன்பே எழுதப்பட்டிருக்கின்றன, எந்தக் கேள்வியோடு சேர்த்துக் கேட்டாலும் அவை மாறாது என்று வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கிறது; உடன் கேட்கும் கேள்வியைப் பொறுத்தே விடை அமைகிறது. ஆயிரக்கணக்கான முறை கேட்டோம். ஒரு விடையையும் விடாமல் குறித்தோம். அயனி பொய் சொல்லவில்லை.

3. சென்ற மாதம் விசாரணைக்கு வந்த அலுவலர், சாமைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த தாயாரிடம் குடும்ப அட்டையைக் காட்டி என் ஊரைக் கேட்டார். "இந்த வூட்லதாங்க பொறந்தா" என்றார் தாயார். பிறகு என் படிப்பை விசாரித்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டார். மகளைப் பற்றிய பெருமையில், "அவ இப்ப பெங்களூரு ஆளுங்க" என்று சொல்லிவிட்டார். இரண்டும் மெய். அறிக்கையில் ஏறியதோ பின்னது மட்டும். என் ஆய்வகத்தில் நான் இப்படி ஒரு விடையை விட்டிருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்தருள்க.

4. மலைவாழ் மாணவர்க்கான ஆராய்ச்சி உதவிக்கு இம்மாதம் 29ஆம் தேதிக்குள் நான் சான்றைச் சமர்ப்பிக்க வேண்டும். இல்லையேல் நான் ஆய்வை விட்டு விலக நேரும்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. தன் வாயால்தான் மகளின் படிப்பு போயிற்று என்று தாயார் சரியாகச் சாப்பிடுவதில்லை. யார் வந்து எது கேட்டாலும் "எனக்குத் தெரியாதுங்க" என்கிறார்.

ஆகவே இரண்டு விடைகளையும் பதிந்து மறுவிசாரணைக்கு உத்தரவிட வேண்டுகிறேன். சான்று தர இயலாமற்போனாலும், சாலம்மாள் சொன்னதில் பிழையில்லை என்று ஒரு வரி எழுதி முத்திரையிட்டு அனுப்புங்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டுகிறேன்.

இடம்: வெள்ளிமலை
நாள்: 11.08.2025

அந்த ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) வே. எழில்மதி