காலைக் கழற்றச் சொன்னவர்கள்

கிரான்பர்ன்
14 ஓகஸ்ட் 2025

அன்பு மகள் லக்ஷ்மிப்ரியாவுக்கு,

ரொறன்ரோவில் நீயும் மருமகனும் நலமாக இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, என்னைப் பற்றியும் தம்பியைப் பற்றியும் அப்படி எழுதக் கை வரவில்லை. தம்பி படியில் விழுந்துவிட்டான் என்று போனில் நான் சொன்னது பொய். உன் குரலைக் கேட்டால் இப்போதும் பாதியை மறைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தொலைக்காட்சித் தொடரில் தம்பி அனோஜனுக்கு வேடம் கிடைத்ததும் த பேசின் கோயில் பிள்ளையாருக்கு அர்ச்சனை செய்தோம், உனக்குத் தெரியும். கால் போனதால் மனம் வெறுத்து நாலு பேரைக் குத்திக் கொல்லும் ஒருவன், அதுதான் வேடம். தம்பியின் பொய்க்காலைக் கழற்றிவிட்டுக் கத்தியோடு தவழச் சொன்னார்களாம், அப்போதுதான் பார்ப்பவர்களுக்குப் பயம் வருமாம். இது என்ன கதை என்று கேட்டேன். நாலு வருடம் நடிப்புப் படித்த தனக்கு இதைவிட வேறொன்றும் வரவில்லை என்றான், நானும் சரி என்றுவிட்டேன். கடைசிப் பகுதி ஒளிபரப்பாகி இரண்டாம் நாள், சனிக்கிழமை பின்னேரம், அவனை ஏற்றக் கிரான்பர்ன் ரயில் ஸ்ரேசனுக்குக் காரில் போனேன். வாசலில் மூன்று பேர் அவனைச் சுற்றி நின்றார்கள். கொலைகாரன், கத்தி எங்கே, தவழ்ந்து காட்டு என்று சிரிக்கிறார்கள், ஒருவன் போனில் படம் பிடிக்கிறான். நான் காரை நிறுத்துவதற்குள் அவனை விழுத்திப் பொய்க்காலை இழுத்துக் கழற்றி அந்தக் காலாலேயே முகத்தில் அடித்தார்கள். தாடை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது பிள்ளை. காருக்குள் கிடந்த சில்லுக் கழற்றும் இரும்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அடித்தவனின் கையில் ஓங்கிப் போட்டேன், பொய்க்கால் கீழே விழுந்தது, மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் நிலத்தில் விழுந்து தலையைப் பொத்திக்கொண்டு அழுதான், இருபது வயதும் இராது, நான் திரும்பத் திரும்ப அடித்தேன். அனோஜன் கைகளை ஊன்றி இழுபட்டு வந்து என் காற்சட்டையைப் பிடித்தான். வாயெல்லாம் இரத்தம், சொல் தெளிவாக வரவில்லை. "விடுங்கோ அப்பா, செத்துப்போவான்" என்றான். அப்போதுதான் என் கை நின்றது.

தம்பியின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், அம்மா கஞ்சியை வடித்துக் குழாயால் குடிக்கக் கொடுக்கிறாள். அந்த மூவர் மேலும் வழக்கு, என் மேலும் வழக்கு. என்னிடம் அடிபட்டவனுக்குத் தோளும் கையும் முறிந்து ஒரு காதும் கேட்கவில்லையாம். எங்கள் லோயர் ஈஸ்வரமூர்த்தி வீட்டுக்கு வந்து, அனோஜன் பொய்க்கால் போடாமல் சில்லுக் கதிரையில் கோர்ட்டுக்கு வந்தால் நீதவான் மனம் இரங்குவார், எனக்குச் சிறை வராமல் போகலாம் என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது, மறைக்கவில்லை, நானே அவனிடம் கேட்டேன். இப்போது கொப்பியில் எழுதித்தான் கதைக்கிறான். தாள் கிழிகிற மாதிரி எழுதி என் முன்னே எறிந்தான். "பயப்படுத்தக் கழட்டச் சொன்னாங்கள். இப்ப பாவம் பாக்கக் கழட்டச் சொல்லுறியள். நான் காலோட நடந்துதான் வருவன். அழுதவனை அடிச்சதை நீங்கள் சொல்லுங்கோ."

இரண்டு நாள் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு லோயருக்குப் போன் எடுத்து, விழுந்த பிறகும் அடித்தேன் என்று ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்றேன். அம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தொடர்க்காரர் அடுத்த பாகத்துக்கும் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கொலைகாரனாக வரமாட்டேன், தண்ணிக்குழாய் திருத்துகிறவனாக, மனைவியோடு சண்டை பிடிக்கிறவனாக எழுதுங்கள் என்று அனுப்பினான். பதில் இன்னும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கோர்ட். நான் உள்ளே போக நேர்ந்தால் அம்மாவோடு நாளும் போனில் கதை. பிள்ளையார் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். தம்பிக்குக் கட்டாயம் எழுது, பாவம் என்று மட்டும் எழுதாதே.

உன் அப்பா,
அருந்தவன்