ஏழாவது பாட்டில் பாடியவன்

அன்புள்ள வெண்கலத்துக்கு,

தூண் எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. எட்டு மாதமாகக் கேட்டாயிற்று. போன் செய்தால் எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. கல்லில்கூட நார் உரித்துவிடலாம், உன்னிடம் நாலு வார்த்தை வாங்க முடியாது போலிருக்கிறது. வெளிநாட்டுத் துறைமுகத்தில் கிரேன் மேல் ஏறி உட்கார்ந்ததும் கீழே இருப்பவர்கள் எல்லாம் எறும்பாகத் தெரிகிறோமோ என்னவோ. அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன். இதற்கும் கட்டைவிரலே பதிலாக வந்தால் நம் உறவு அத்தோடு சரி.

நேற்று நம் ஐவர் இங்கே வந்திருந்தார்கள். நாம் பத்தொன்பது வயதில் கல்லூரிக் கால்பந்து மைதானத்தில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த அதே ராக் குழு, அதே ஐந்து பேர். பாடகருக்கு இப்போது முழு மொட்டை. டிரம்மர் பாட்டுக்குப் பாட்டு எழுந்து முதுகை நிமிர்த்திக்கொள்கிறார். ஆனால் வாசிப்பில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் கேட்க வந்தவர்களிடம்தான். அதைச் சொல்லித் தீர்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். வேறு யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னால் பேசாமல் வீட்டிலேயே உட்கார்ந்து கேளுங்கள் என்கிறாள்.

எனக்கு முன்னால் ஒருவன் கடைசிவரை போனைத் தலைக்கு மேல் பிடித்திருந்தான். நான் பார்த்தது ஐவரை அல்ல, அவனுடைய போனில் உள்ளங்கை அளவு ஐவரை. பக்கத்தில் ஒரு ஜோடி மேடைக்கு முதுகைக் காட்டியபடி தங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு கூட்டம் முதல் பாட்டிலிருந்தே அந்த ஒரே ஹிட் பாட்டைக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது. கடைசியில் பாடத்தான் போகிறார்கள், இருபத்திரண்டு வருஷமாகக் கடைசியில்தான் பாடுகிறார்கள். அதுகூடத் தெரியாமல் டிக்கெட் வாங்கி வருகிறார்கள்.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஏழாவது பாட்டு வந்தது. ஏழாவது எப்போதும் அந்த மெதுவான பாட்டுதான் என்பது உனக்குத் தெரியும். ஒரு கிதார், ஒரு குரல், வேறு எதுவும் கிடையாது. அந்த நேரத்தில் மைதானமே மூச்சை அடக்கிக்கொள்ளும். அப்படி யாரும் சட்டம் போட்டதில்லை, எல்லோருக்கும் தானாகத் தெரியும். நேற்று அந்தப் பாட்டு முழுக்க என் இடது காதுப் பக்கம் ஒருவன் தன் வீட்டுக் குளியலறைக்கு எந்த நிற டைல்ஸ் போடுவது என்று நண்பனிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தான். தோளைத் தட்டி, தம்பி, பாட்டு முடிந்ததும் பேசலாமே என்றேன். "நானும் காசு குடுத்துதான் சார் வந்திருக்கேன்" என்றான். காசு என்றதைவிட, சார் என்றானே, அதுதான் குத்தியது.

அந்த மழைக் கச்சேரி நினைவிருக்கிறதா? நெரிசலில் ஒரு பெண்ணின் செருப்பு கழன்று, அது தலைகளுக்கு மேல் கை மாறிக் கை மாறி மேடைக்கே போய்விட்டது. பாடகர் அதைத் தூக்கிக் காட்டி, சொந்தக்காரர் கிடைக்கும்வரை அடுத்த பாட்டு இல்லை என்றார். பிறகு அது அதே வழியில் கை மாறித் திரும்பி வந்தது. ஒருத்தன்கூட அதைக் கீழே போடவில்லை. அந்தக் கூட்டமெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், இந்த டைல்ஸ்காரன் எல்லாம் உனக்கு முன்னால் தூசு. இருபத்திரண்டு வருஷத்தில் என்னை அதிகம் நோகடித்த ரசிகன் நீதான். தொப்பியின் இரண்டு பக்கமும் மிளகளவு மைக்கைத் தைத்துக்கொண்டு, ரெக்கார்டரை இடுப்பில் செருகிக்கொண்டு, தலையை ஆட்டாமல், கை தட்டாமல், தும்மல் வந்தால்கூட விழுங்கிக்கொண்டு தூணாக நிற்பேன். பதிவு செய்பவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் வாயைத் திறக்கக்கூடாது என்பதுதான் கச்சேரிகளைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் எங்கள் கூட்டத்தின் முதல் விதி. நீயோ கூட்டம் என்மேல் இடிக்காமல் மலைபோல் தடுத்து நிற்பாய், காவலாளி வந்தால் பேச்சுக் கொடுத்து அனுப்புவாய், எல்லாம் செய்துவிட்டு, ஏழாவது பாட்டில் என் காதுக்கு ஒரு சாண் தள்ளி வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி பாட ஆரம்பிப்பாய். பெயரே அதனால்தானே வந்தது. நீ இல்லாவிட்டால் பதிவே நடக்காது, நீ இருந்தால் பதிவு உருப்படாது. நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஒருமுறை ரெக்கார்டரை, பல் செட் செய்யும் என் லேப் டப்பாவில், யாரோ ஒரு கிழவரின் தாடை அச்சுக்கு அடியில் வைத்து எடுத்துப்போனோம். காவலாளி திறந்து, பல்லைப் பார்த்து, முகத்தைச் சுளித்து மூடிவிட்டான். அவ்வளவு பாடுபட்டு உள்ளே போன அன்றும் நீ பாடினாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பழி தீர்த்துவிட்டேன். குரல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் மென்பொருள் ஒன்று வந்திருக்கிறது. பதினான்கு மாதம், லேப் முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம். உன் குரல் திரையில் ஒரு ஆரஞ்சு நிறக் கோடாகத் தெரியும். எங்கே மூச்சு வாங்குகிறாய், எங்கே சுருதி இறங்குகிறது, எந்த வார்த்தையை முந்திக்கொண்டு பாடுகிறாய் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு கோடாக அழித்தேன். பதினேழு கச்சேரி, பளிங்கு மாதிரி இருக்கிறது. நீ பாடிய பதிவை வெளியில் கொடுக்க வெட்கப்பட்டு இத்தனை வருஷம் எவனுக்கும் கொடுக்கவில்லை. இனி தலைநிமிர்ந்து கொடுப்பேன். இரண்டு பிரதி இருந்தால் மோசமானதுதான் ஊர் சுற்றும் என்பது எங்கள் அனுபவம். அதனால் பூஞ்சை பிடித்த கேசட்டுகளைப் பழைய பொருள்காரனிடம் போட்டுவிட்டேன். கணினியில் இருந்ததையும் அழித்தாயிற்று. உலகத்தில் நீ இல்லாத பிரதி மட்டும்தான் இருக்கிறது.

பதில் எழுதினால் உனக்கும் ஒன்று அனுப்புவேன். வீட்டில் தங்கைக்கும் மகள் சின்னவளுக்கும் என் அன்பு.

கோபத்தோடு,
தூண்

*

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். வீட்டில் அண்ணியும் பிள்ளைகளும் சுகமா? உங்கள் கடிதம் வந்தது. அவர் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், என்னிடம் காட்டவில்லை. படிக்கும்போது தோள் குலுங்கியது. சிரித்தாரா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. உறையிலிருந்து உங்கள் முகவரியை எடுத்து, அவருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். எட்டு மாதத்துக்கு முன் தொண்டையில் கட்டி என்று குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது உடம்புக்கு ஆபத்து இல்லை என்று டாக்டர் சொல்கிறார். சாப்பிடுகிறார், நடக்கிறார். பேச்சு மட்டும் இல்லை. கருவி வைத்துப் பேசப் பழகலாம் என்றார்கள். இரண்டு நாள் முயன்றுவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார். உங்கள் போனை அவர் எடுக்காததற்கு இதுதான் காரணம், அண்ணா. தப்பாக நினைக்காதீர்கள்.

எனக்கு அவர் உயிரோடு இருப்பதே போதும். சின்னவளால்தான் தாங்க முடியவில்லை. பதினோரு வயது. குழந்தையாக இருந்தபோது அவளைக் குளிப்பாட்டும்போதும், பிறகு பள்ளிக்கு விடும்போதும் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பார். வீட்டு வீடியோக்களை எல்லாம் தேடினோம். எல்லாம் அவர் எடுத்தது. அவற்றில் அவர் "இங்க பாரு" என்று சொல்வது மட்டும்தான் இருக்கிறது. போன வாரம் அவள், "அப்பா பாடுனது எங்கயாவது இருக்காம்மா? கொஞ்சங்கொஞ்சமா மறக்குதும்மா" என்றாள். அவர் அப்போது சோபாவில்தான் இருந்தார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

கச்சேரிகளில் அவர் பாடியதெல்லாம் உங்கள் டேப்பில் விழுந்திருக்கிறது, அதற்காக நீங்கள் திட்டுவீர்கள் என்று முன்பு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதில் ஒன்றே ஒன்றை அனுப்ப முடியுமா அண்ணா? தேய்ந்துபோனதாக இருந்தாலும் சரி.

உங்கள் தங்கை

*

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. ஒன்பது நாளும் சும்மா இருக்கவில்லை என்பதை மட்டும் முதலில் சொல்லிக்கொள்கிறேன்.

என்னிடம் இல்லை அம்மா. இருந்தது. பதினேழு கச்சேரியில் அவன் பாடியது இருந்தது. அதை நானே உட்கார்ந்து, பதினான்கு மாதம், ஒவ்வொரு சொல்லாக அழித்தேன். அவன் சட்டைப் பையில் இருக்கும் கடிதத்தில் அதைத்தான் பெருமையாக எழுதியிருந்தேன். கேலி வேறு செய்திருந்தேன். அவன் எட்டு மாதமாகப் பேச முடியாமல் இருந்த அதே நேரத்தில், நான் இங்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவன் குரலைத் தேடித் தேடி அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன். எவன் எவனோ பாட்டைக் கெடுக்கிறான் என்று இருபத்திரண்டு வருஷம் ஊரையெல்லாம் திட்டினேன். எனக்கு என்மேல் வருகிற ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை.

பழைய பொருள்காரரிடம் ஓடினேன். கேசட்டெல்லாம் போன மாதமே ஆலைக்குப் போய்விட்டதாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு மூன்று கடை ஏறினேன். மூன்றாவது கடைக்காரர் நல்ல மனிதர், நாலு நாள் முயன்றார். "அழிச்ச இடத்து மேலேயே புதுசை எழுதியிருக்கீங்க சார். ஒண்ணும் வராது" என்று காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். சுத்தம் செய்த பிரதிகளையும் முழுச் சத்தத்தில் வைத்துக் கேட்டேன். ஏதாவது மிச்சம் விட்டிருப்பேன் என்ற நப்பாசைதான். ஏழாவது பாட்டில் சில இடங்களில் ஸ், ச் என்று ஒரு சீறல் மட்டும் இருக்கிறது. அது அவனுடையதுதான். ஆனால் அதைக் கேட்டு ஒரு குழந்தை அப்பா என்று சொல்லாது. பல் லேப் வேலை அம்மா, மயிரிழை பிசகாமல் செய்து பழகிய கை. ஒருமுறையாவது சோம்பேறித்தனமாக வேலை செய்திருக்கக்கூடாதா நான்.

சின்னவளிடம் மாமாவிடம் இல்லை என்று மட்டும் சொல்லாதே. இருந்ததை மாமா அழித்துவிட்டார் என்றே சொல். அவள் என்னைத் திட்டட்டும். நேரில் வந்து மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எந்த முகத்தோடு வருவது என்று தெரியவில்லை. அவனிடம் இதைக் காட்டுவதும் கிழிப்பதும் உன் இஷ்டம்.

அவனைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

*

அடேய் தூணே,

எங்கள் வீட்டுத் தபால் பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நீ அவளுக்கு எழுதியதை நான்தான் முதலில் படித்தேன். படித்துவிட்டு அவளிடமும் கொடுத்தேன். அவள் அழுதாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. நீ அழித்ததற்காக இல்லை. அதை முதல் கடிதத்தில் படித்தபோது, முட்டாப்பயலே, எனக்குச் சிரிப்புதான் வந்தது. சத்தம் வராத சிரிப்பு எப்படி இருக்கும் என்று வந்தால் காட்டுகிறேன்.

கோபம் எல்லோர் மேலும்தான். சோபாவில் நான் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், என் கண் முன்னாலேயே அலமாரி அலமாரியாக என்னைத் தேடுகிறார்கள். எனக்குப் பேச்சு வராது என்று தெரிந்ததும் கடைக்காரர் என் காதருகே வந்து கத்துகிறார். வாக்கிடாக்கியில் பதில் சொல்ல முடியாதவனுக்கு மேலே இடமில்லை என்று கிரேனிலிருந்து இறக்கி, ஸ்டோரில் கயிறும் கொக்கியும் எடுத்துக் கொடுக்க வைத்திருக்கிறார்கள். வீட்டில் எனக்கு மனம் நோகும் என்று யாரும் பாட்டே போடுவதில்லை. நம் ஐவரின் பாட்டைக் கேட்டு எட்டு மாதம் ஆகிறது. குரலைத்தானே எடுத்தார்கள், காதை எடுக்கவில்லையே. நீயும் மற்றவர்கள் மாதிரி எந்த முகத்தோடு வருவது என்று அழுதுகொண்டிருந்தால் நான் யாரிடம்தான் போவது?

அடுத்த மாதம் ஐவர் இந்த ஊருக்கு வருகிறார்கள். மூன்று டிக்கெட் வாங்கிவிட்டேன். எனக்கு, சின்னவளுக்கு, உனக்கு. அவளுக்கு இதுதான் முதல் கச்சேரி. கூட்டம் இடிக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வேலைக்குக் குரல் வேண்டாம். நீ தொப்பியையும் மைக்கையும் வீட்டில் வைத்துவிட்டு வா. கொண்டுவந்தால் நானே காவலாளியிடம் பிடித்துக் கொடுப்பேன்.

நான் எங்கே மூச்சு வாங்குவேன், எங்கே இறங்குவேன், எந்த வார்த்தையை முந்துவேன் என்று உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். எனக்கே தெரியாது. ஏழாவது பாட்டு வந்ததும் என் பெண்ணின் பக்கத்தில் நின்று, அதை அப்படியே பாடு. யார் திரும்பிப் பார்த்தாலும், யார் தோளைத் தட்டினாலும் நிறுத்தாதே. ஒரு தப்பையும் திருத்திவிடாதேடா.

வெண்கலம்