மலைப் பக்கம் போகும் லேன்

இன்று காலை தீவின் பழைய மேப்பை மேஜையில் விரித்தபோது, சுருளுக்குள்ளிருந்து ஒரு துவரம் பருப்பு உருண்டு வந்து என் கீபோர்டு ஓரத்தில் நின்றது. உன் பருப்பு. பம்பாய் செம்பூரில் ஏசி போட்ட ஆபீசுக்கு டப்பாவில் சமைக்காத பருப்பை எடுத்து வருகிறவள் உன்னைத் தவிர வேறு யார்? முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் யாரும் முகத்தைப் பார்த்துவிடக் கூடாதென்று, மேப்பில் எதையோ தேடுவதுபோல நெடுநேரம் குனிந்தே இருந்தேன்.

நம் வேலையை வீட்டில் விளக்க முடியாமல் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். எரிமலை பொங்கினால் ஜனங்களை எந்த ரோடு வழியாக வெளியேற்றுவது என்று திட்டம் போடுகிறோம் என்றேன். தாராவியில் எங்கள் உம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பம்பாய்ல எங்கட்டி எரிமலை இருக்கு? ஒன்ன ஏமாத்துதானுவ" என்றாள். அதை நான் அப்படியே பேசிக் காட்டியபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதிலிருந்து சம்பளம் வரும் தேதியெல்லாம், "ஏமாத்தின காசு வந்துடுத்தாடீ?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டாய்.

நாம் இருவரும் பார்த்தேயிராத தீவு அது. ஒரு மலை, அடிவாரத்தில் ஊர், ஊரிலிருந்து துறைமுகத்துக்கு ஒரே ஒரு பெரிய ரோடு. நடுவில் ஓடைப் பாலம். மலை குமுறினால் அந்த ஓடையில்தான் சேறு இறங்கும். பாலம் போவதற்குள் ஊர் காலியாகிவிட வேண்டும். சாம்பல் விழத் தொடங்கினால் வைப்பர் போட்டாலும் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாது. மழையும் சேர்ந்துகொண்டால் ரோடு குழைத்த சிமென்ட் மாதிரி வழுக்கும். அதனால் நம் சீனியர் போட்ட திட்டம் எளிமையானது. அபாயச் சங்கு ஊதியதும் ரோட்டின் எல்லா லேன்களும் துறைமுகத்தைப் பார்த்து. ஒரு வண்டிகூட மலைப் பக்கம் போகக் கூடாது.

சாஃப்ட்வேர் தொங்கிப் போன ஒரு மத்தியானம் நீ டப்பாவைத் திறந்தாய். துவரம் பருப்பு கார், கொண்டைக்கடலை பஸ். நாம் இருவரும் விரலால் தள்ளித் தள்ளி ஊரைக் காலி செய்துகொண்டிருந்தோம். பாதியில் நீ ஒரே ஒரு பருப்பை மட்டும் எதிர்ப்பக்கமாகத் தள்ள ஆரம்பித்தாய்.

"ஏட்டி, அது எங்க போவுது?"

"அம்மாவ அழைச்சுண்டு வர."

"அங்க வயசாளிங்க யாரும் கூப்பிட வர வேண்டாம்னுதான எழுதியிருக்காங்க."

தீவில் எடுத்த சர்வே அது. மலையடிவாரத்தில் தனியாக இருக்கிற வயதானவர்களிடம், ஆபத்து வந்தால் உங்களைக் கூட்டிப்போக யாராவது வர வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றிருந்தார்கள். நாமும் அதை அப்படியே கணக்கில் ஏற்றி, உள்ளே போகிற வண்டி கிடையாது என்று முடிவு கட்டியிருந்தோம்.

"நம்மாத்துல சாதம் போதும்னா போதும்னா அர்த்தம்? மூணு தரம் கேட்டுட்டுத்தானே விடுவோம்" என்றாய். "எங்கம்மாவும் வேண்டாம்னுதான் சொல்லுவா. புள்ளைக்குச் சிரமம் குடுக்கக் கூடாதுன்னு சொல்றது அது. அந்தப் புள்ளை துறைமுகத்துல ஆபீஸ்ல உக்காந்துண்டிருப்பான். சங்கு ஊதினா நேரா கப்பலுக்கா போவான்?"

நான் ஒப்புக்கொண்டேன். சீனியர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஏம்மா, எரிமலையைப் பார்த்து எவன் வண்டி ஓட்டுவான்?" என்றார். நீ விடவில்லை. லேன் கொடுக்காவிட்டாலும் பிள்ளைகள் வராமல் இருக்க மாட்டார்கள், வெளியேறுகிற வண்டிகளுக்கு நேர் எதிரே வருவார்கள், பாலத்தின்மேல் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கும் என்று விடாமல் சொன்னாய். கடைசியில் உன் தொல்லை தாங்காமல் ஒரு லேனை மலைப் பக்கம் விட்டார். அன்று எனக்கு நீ வாங்கிக் கொடுத்த வடாபாவில் மிளகாய் தூக்கல்.

உன்னையே நீ அந்த மேப்பில் போட்டுக்கொண்டாய் என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. திலக் நகரில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டிடத்தில் நாலாவது மாடி. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன அம்மா. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பாயி, சம்பளத்துக்கு வரும் பெண். அவள் லீவு போட்டால் நீயும் லீவு. தீவுக்கு நேரில் போய் ஒத்திகை பார்க்க உனக்கு அழைப்பு வந்தபோது, "எனக்குக் கடல் காத்து ஒத்துக்காது" என்று சொல்லிவிட்டாய். பம்பாயில் பிறந்து வளர்ந்தவள் பேச்சா அது? ஊர் ஊராக ஜனங்களுக்கு வழி போட்டுக்கொடுத்த உனக்கு அந்த நாலு மாடியிலிருந்து இறங்க ஒரு வழி கிடைக்கவில்லை.

அந்த மழை நாள். ஹார்பர் லைன் ரயில் நின்றுபோய், யாரும் கீழே இறங்காதீர்கள் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் ஏறுவதைப் பார்த்துப் பாயி தன் பிள்ளைகளைத் தேடிக் கோவண்டிக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அவளும் எதிர்த்திசையில் போனவள்தான். நீ அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாய். "நான் இருந்துப்பேன்டீ. நீ வர வேண்டாம்." போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். சல்வாரை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினாய். ஜன்னலிலிருந்து பார்த்தேன். எல்லாக் குடைகளும் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தன, உன் நீலக்குடை மட்டும் அந்தப் பக்கம் போனது.

வீட்டுக்கு நல்லபடியாகத்தான் போய்ச் சேர்ந்தாய். செருப்பு கடித்த புண்ணோடு அந்தத் தண்ணீரில் நடந்ததுதான் தப்பாகிவிட்டது. காய்ச்சல் வந்தபோது போனில் என்ன சொன்னாய்? "சாதாரண ஜுரம்டீ. நீ வர வேண்டாம்." நான் உன்னிடமே தொழில் கற்றவள், உடனே கிளம்பி வந்தேன். அதற்குள் உன் கண் மஞ்சளாகியிருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போனா அம்மாவ யார் பார்த்துப்பா?" என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாய். "நா எதுக்கு வந்துருக்கேன்? எந்திரிட்டி" என்று நான் கத்திய பிறகுதான் எழுந்தாய். பக்கத்து வீட்டுப் பையன்கள் உன்னை நாற்காலியில் வைத்து நாலு மாடியும் இறக்கினார்கள். நான் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எலிக்காய்ச்சல் என்றார்கள். நீ திரும்பி வரவில்லை.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அதை யாரிடம் சொல்ல? உன் அம்மாவிடமா?

மேப்பை இன்று விரித்ததற்குக் காரணம் உண்டு. மத்தியானம் தீவுக்காரர்களோடு கடைசி மீட்டிங். உன் லேனை எடுத்துவிட்டால் ஊர் சீக்கிரம் காலியாகிறது என்று அவர்கள் கணக்குப் போட்டு வந்திருந்தார்கள். கணக்கு சரிதான். சீனியரும் தலையாட்டினார். நான் மைக்கைத் திறந்தேன். இதையும் விட்டுவிட்டால் உன்னில் எனக்கு மிச்சம் என்று எதுவும் இருக்காது என்று தோன்றியது. வர வேண்டாம் என்று எழுதிய ஒவ்வொருவருக்கும் மலைப் பக்கம் போகும் ஒரு கார் கணக்கு வையுங்கள், லேன் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள் என்றேன். அங்கேயே ஓட்டினார்கள். திரையில் பாலம் முழுக்கச் சிவப்பாகி, எல்லாம் நின்றுபோனது.

லேன் இருக்கும். ஆனால் கடைசி எச்சரிக்கையாக ஊதும் இரண்டாம் சங்கு வரைதான். அதன் பிறகு அதையும் துறைமுகப் பக்கம் திருப்பிவிடுவார்கள். அது நியாயம்தான், நானும் ஒப்புக்கொண்டேன். நீயாக இருந்தால் இரண்டாம் சங்குக்குப் பிறகும் போயிருப்பாய். அதற்கு என்னிடம் திட்டம் எதுவும் இல்லை.

இதை உன் வீட்டு ஹாலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உன் அண்ணன் அமெரிக்காவிலிருந்து, கோயம்புத்தூரில் நல்ல முதியோர் இல்லம் இருக்கிறது என்கிறார். நான் ஆன்ட்டி என்று கூப்பிடும் உன் அம்மா அசைவதாக இல்லை. சாயங்காலம் பாயி கிளம்பியதிலிருந்து ராத்திரி பார்த்துக்கொள்கிறவள் வரும்வரை நான் துணை. என் தம்பி குடும்பம் உம்மாவையும் கூட்டிக்கொண்டு பன்வேல் பக்கம் வீடு மாறப்போகிறது, என்னையும் கூப்பிடுகிறார்கள். அங்கே போனால் தினமும் இங்கே வர முடியாது. உம்மா திட்டுகிறாள். மூச்சு முட்டுகிற மாதிரிதான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. நாலு மாடி ஏறும்போது சில நாள் உன்னைச் சபித்துக்கொண்டே ஏறுகிறேன்.

சற்று முன்னால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி ஆன்ட்டி சொன்னாள்: "மேகம் கட்டிண்டிருக்கும்மா. நாளைக்கு நீ வர வேண்டாம். நான் இருந்துப்பேன்."

"சரி ஆன்ட்டி" என்றேன்.

உன் பருப்பு என் பர்சில் இருக்கிறது. நாளைக்கு என்ன செருப்பு போட்டுக்கொண்டு வருவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.