லுசுங்குவை ஏற்றிய படகு

சிவும்பா கரை,
ஜூன் மாதம்.

தெம்வாவின் அப்பாவுக்கு, டியோங்கே அன்புடன் எழுதுவது.

நானும் மகளும் நலம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. இப்போது மீன் காயவைக்கத் தானே கரைக்கு இறங்கிப் போகிறார். நீங்கள் வேலை செய்யும் ஊரில் குளிர் அதிகம் என்று கேள்வி. மார்பில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சித்தப்பா மகன் மூலம் அனுப்பிய கடிதம் கிடைத்தது. போனில் பேச வேண்டுமென்றால் பாறை உச்சிக்கு ஏற வேண்டும். ஏறினாலும் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்டுக்கொண்டே நிற்பேன், அதற்குள் தொடர்பு அறுந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

“ரெண்டு தடவ எழுதிப் பாத்தாச்சு. போதும். புஸ்தகத்த மூட்டை கட்டிட்டு இங்க வர பஸ் ஏறு”ன்னு எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதியதா, அக்கறையில் எழுதியதா என்று தெரியவில்லை. இரண்டு முறை தோற்றவள் நான்தானே. அந்த வலி எனக்கும் இருக்கிறது. ஆனால் பதிவுச் செவிலியர் தேர்வில் தேறினால்தான் முசூசு நகரத்து மருத்துவமனைக்கு மாற்றல் கேட்க முடியும். அங்கே உங்களுக்கும் மின் வேலை கிடைக்கும், தெம்வாவுக்கு நல்ல பள்ளி கிடைக்கும், மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். இதற்காகத்தான் படிக்கிறேன். இதை நாம் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம்.

எப்படிப் படிக்கிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தடுப்பூசிக் கூட்டம் கலைந்ததும் பாடத்தை எடுப்பேன். இரண்டு வரி போவதற்குள் காலில் கோடாரி பட்டவன் வருவான், அல்லது காய்ச்சல் குழந்தை வரும். திரும்பி வந்தால் அந்த இரண்டு வரியும் மறந்திருக்கும். மருந்து அலமாரிக் கதவில் தாள்களை ஒட்டிவைத்திருக்கிறேன். மாத்திரை எடுக்கும்போதெல்லாம் ஒன்றைப் படித்துவிடுவேன். வார்டு துடைக்கும் நியாசோக்கோவுக்கு எழுத்து தெரியாது, ஆனால் என்னை உட்காரவைத்துப் பாடம் ஒப்பிக்கச் சொல்கிறாள். “நீ தப்பாச் சொன்னா உன் மூக்கு நுனி வேர்த்துருது, மறுபடி பாரு”ங்கிறாள். சில நாள் எதுவுமே ஏறுவதில்லை. அப்போது ஒரு பத்தியையாவது வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன். விட்டுவிட்டால் பிறகு தொடவே மாட்டேன் என்று பயம்.

எங்கள் சுகாதார நிலையப் பொறுப்பாளர் கோண்ட்வே தேர்வு விடுப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. மாற்று நர்ஸ் படகில் வந்து இறங்கினால்தான் அதே படகில் நான் ஏறலாம். “நீ பாஸ் பண்ணி டவுனுக்குப் போயிடுவ. நான்தான இங்க கெடந்து சாகணும்”னு எல்லார் முன்னாலும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நீங்கள் புது அறைக்கு மாறிவிட்டதாக உங்கள் சித்தப்பா மகன் சொன்னார். யாரோடு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முகவரி மட்டும் எழுதுங்கள்.

கடவுள் உங்களைக் காக்கட்டும்.
டியோங்கே.


முசூசு,
ஜூலைக் கடைசி.

தெம்வாவின் அப்பாவுக்கு,

தேர்வு எழுதிவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

படகு வருவதற்கு முந்தைய நாள் லுசுங்கு வலியோடு வந்தாள். வலைக்காரர் மாசியாவின் மருமகள், முதல் பிரசவம். மறுநாள் விடிந்தபோது வலி இருந்தது, ஆனால் குழந்தை இறங்கவில்லை. கருப்பை வாய் விரிவதும் நின்றுவிட்டது. இப்படி நின்றுவிட்டால் அறுவை செய்யும் இடத்துக்கு உடனே அனுப்ப வேண்டும். அலமாரிக் கதவில் நானே எழுதி ஒட்டியிருந்த பாடம் அது. கரையில் மாசியாவின் இன்ஜின் படகு சும்மாதான் கிடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான் சொல்லவில்லை.

ஏன் தெரியுமா? அவளை அனுப்பினால் துணைக்கு நான்தான் போக வேண்டும். போனால் தேர்வுக்கும் போய்ச் சேர்ந்துவிடுவேன். பரீட்சைக்காக ஒரு பிள்ளைத்தாய்ச்சியைச் சாக்காக்கினாள் என்று ஊர் சொல்லுமே என்று நினைத்தேன். ஊரை விடுங்கள், எனக்கே என்மேல் நம்பிக்கை இல்லை. அனுப்ப வேண்டும் என்று சொல்வது என் படிப்பா, என் ஆசையா? பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுப்போம், இன்னும் கொஞ்சம் என்று காலை முழுவதையும் ஓட்டிவிட்டேன்.

மதியம் வாரப் படகு வந்தது. மாவு மூட்டை இறங்கியது, ஆடுகள் இறங்கின, மாற்று நர்ஸ் இறங்கவில்லை. கோண்ட்வே என் பையைப் பார்த்தார். “சரி, பையப் பிரிச்சு வை”ன்னார். அந்த நிமிடம் உள்ளே போய் லுசுங்குவின் வயிற்றில் கை வைத்தேன். வயிறு கல்லாக இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, என்னால ஆகலக்கா”ன்னாள். கத்தக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

வெளியே வந்து, இவளை இப்போதே கொண்டுபோக வேண்டும் என்று சொன்னேன். கோண்ட்வே வாசலை மறித்து நின்றார். “காலையில இவளுக்கு ஒண்ணுமில்ல. படகு வந்ததும் திடீர்னு ஆபத்தாயிடுச்சா? உன் பரீட்சைக்கு இவ வயிறா கெடச்சுது?” என்றார். கூட்டம் முழுக்கக் கேட்டது. நான் பயந்த வார்த்தைகள் அப்படியே வந்துவிட்டன. வந்த பிறகு பயப்பட எதுவும் மிச்சமில்லை. “என்மேல புகார் எழுதுங்க சார். இப்ப வழிய விடுங்க”ன்னேன். மாசியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். மருமகளை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வாரப் படகை நோக்கித் தண்ணீரில் இறங்கினார்.

பாதி ஏரி தாண்டியதும் தெற்கிலிருந்து ம்வேரா காற்று எழுந்தது. அலை படகுக்குள் விழுந்தது. குழந்தையின் துடிப்பைக் கேட்க வயிற்றில் குழலை வைத்துக் காதைப் பொருத்தினேன். இன்ஜின் இரைச்சல்தான் கேட்டது. படகோட்டியிடம் நிறுத்தச் சொன்னேன். “இந்தக் காத்துல நிறுத்துனா கவுந்துரும்மா!” என்று பெண்கள் அலறினார்கள். ஒருத்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்கு, பைத்தியக்காரி!” அவள் சொன்னதும் நியாயம்தானே. மகளோடு படகேறியிருந்த லுசுங்குவின் அம்மா படகோட்டியின் காலைப் பிடித்தாள். அவன் வானத்தைப் பார்த்தான், அலையைப் பார்த்தான். “ஒரு மூச்சு நேரம்தான்”னு சொல்லி நிறுத்தினான்.

படகு பக்கவாட்டில் சாய்ந்தது. யாரோ செபம் சொல்லத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் கேட்டேன். துடிப்பு இருந்தது. ஆனால் மெதுவாக, விட்டு விட்டு, களைத்துப்போய் நடப்பவனின் காலடி போல. அவளை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, அவள் முதுகுக்கு என் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தேன். அறுவை வசதியுள்ள மருத்துவமனை இருக்கும் ந்காட்டா பே துறை வரும் வரை இன்ஜினை மறுபடி நிறுத்தச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. உயிரோடு ஒரு குழந்தையைக் கொண்டுபோகிறேனா என்பதே தெரியாமல்தான் போனேன்.

உடனே அறுவைக்கு எடுத்தார்கள். ஆண் குழந்தை. நீலமாகத்தான் வெளியே வந்தான். முதல் அழுகை வருவதற்குள் நான் எத்தனை முறை செத்தேன் என்று சொல்ல முடியாது. அழுதான். தாயும் பிழைத்தாள்.

மருத்துவர் இளம்பெண். கையுறையைக் கழற்றிக்கொண்டே, “இவள எப்ப அனுப்பியிருக்கணும், சிஸ்டர்?” என்று கேட்டார். “காலையில, டாக்டர்”னேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அங்கே ஒரு நர்ஸ் கொடுத்த சீருடையில் மினி பஸ் பிடித்து இங்கே வந்து தேர்வில் உட்கார்ந்தேன். என்ன கேட்டார்கள், என்ன எழுதினேன், நினைவில்லை. கை மட்டும் எழுதியது.

தெம்வாவிடம் இதைச் சொல்லவில்லை. நீங்களும் போனில் சொல்லிவிடாதீர்கள்.
உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
டியோங்கே.


சிவும்பா கரை,
அக்டோபர்.

தெம்வாவின் அப்பாவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

தேர்வில் தேறிவிட்டேன். பாறை உச்சியில் நின்று செய்தியைப் படித்தபோது அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. கீழே இறங்கியதும் நியாசோக்கோ துடைப்பத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆடிக்கொண்டே குலவையிட்டாள். உங்கள் அம்மா கோழி அறுத்தார்.

கோண்ட்வே புகாரை எழுதியேவிட்டார். மாவட்டத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். பரீட்சைக்காக அவளைக் கூட்டிப்போனாயா என்று கேட்டார்கள். இல்லை, பரீட்சைக்காகத்தான் கூட்டிப்போகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று தாமதித்தேன், அதுதான் என் குற்றம் என்றேன். விசாரணைக்கு வந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இதை நீ சொல்லியிருக்க வேண்டியதில்லையே என்றார். எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள். கோண்ட்வே அன்றிலிருந்து என்னோடு நேராகப் பேசுவதில்லை. ஆனால் நேற்று ஒரு பிரசவத்தின் போது, அறை வாசலில் நின்று, “அனுப்பணுமா? நீ சொல்லு, படகுக்குச் சொல்றேன்”னார்.

எச்சரிக்கை இருப்பதால் இப்போதைக்கு மாற்றல் கிடையாதாம். இங்கே வர வேறு ஆளும் இல்லை. முசூசுக்கு எப்போது என்று கேட்டேன். தெரியாது என்றார்கள்.

இந்தச் செய்தியை எப்படி எழுதுவது என்று பல நாள் தள்ளிப்போட்டேன். பொறுக்க வேண்டியபோது அவசரப்படுகிறேன், அவசரப்பட வேண்டியபோது பொறுத்துவிடுகிறேன். இனியும் பொறுத்தால் தவறாகிவிடும் என்று இந்தமுறை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அதனால் நேராகவே கேட்கிறேன்.

முசூசு கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மின் வேலை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டேன். மழை தொடங்குவதற்குள் எங்களிடம் புறப்பட்டு வாருங்கள். படகு வரும் நாட்களில் தெம்வா வேலை இல்லாமலேயே கரைக்குப் போய் நிற்கிறாள். ஏன் நிற்கிறாய் என்று நான் அவளைக் கேட்பதில்லை. நானும் அவளோடு போய் நிற்கிறேன்.

வழியெல்லாம் உங்களுக்குக் கடவுள் துணை இருக்கட்டும்.

டியோங்கே.