அம்மா அனுப்பும் எண்ணெய்

லா சப்பல், பாரிஸ்
வைகாசி 2022

அன்புள்ள அப்பாவுக்கு,

தயவுசெய்து இதை ஒருவருக்கும் காட்டாதீர்கள். வாசித்ததும் கிழித்துவிடுங்கள். உங்கள் இடுப்பு நோ எப்படி? நாங்கள் சுகம். அம்மா ஒரு மாதமாக இரவில் அழாமல் தூங்குகிறா.

அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அம்மாவின் நரம்பு நோவுக்கு எந்த மருந்தும் கேட்காததால், ஆசுப்பத்திரியில் ஒரு பரிசோதனைத் திட்டத்தில் சேர்த்து, துளித்துளியாகக் குடிக்க எண்ணெய் கொடுக்கிறார்கள். அது கஞ்சாவில் செய்தது. டொக்டர் தெளிவாகச் சொன்னார். மொழிபெயர்க்கப் போனது நான். உண்மையைச் சொன்னால் அம்மா தொடமாட்டா என்று பயந்து, மூலிகை எண்ணெய் என்று சொல்லிவிட்டேன்.

நாளை இம்மாகுலேற் அன்ரி ஊருக்கு வருகிறா. இன்று அவ வீட்டுக்கு வந்தபோது, அம்மா உங்களுக்கு அனுப்பும் பார்சலில் அந்த எண்ணெய்ப் போத்தல் ஒன்றை வைத்துவிட்டு, "மூலிகைதானே அக்கா, இவருக்குக் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றா.

"எனக்கும் முழங்கால் நோ. பிளேனிலையே பாதியைக் குடிச்சிடுவன்" என்று அன்ரி சிரித்தா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொழும்பில் பெட்டியைத் திறந்தால் அன்ரியைப் பிடித்துவிடுவார்கள். பார்சலை என் அறைக்குக் கொண்டுவந்து போத்தலை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இந்தக் கடிதம் இருக்கும். அம்மா போனில் கேட்டால், எண்ணெய் கிடைத்தது, நோ குறைந்தது என்று சொல்லுங்கள். அம்மாவிடம் உண்மையை எப்படிச் சொல்வது என்று எனக்குச் சொல்லித் தாருங்கள். இங்கே கேட்க ஒருவரும் இல்லை.

அம்மா கதவைத் தட்டுகிறா.

"பிள்ளை, அந்தப் பார்சலைக் கொண்டா. அப்பாவுக்கு ஒரு போத்தல் காணாது. என்ர மற்றதையும் வைப்பம்."

அப்பா, நான்…